டிராகனுக்குத் தமிழில் என்ன? (வியாழன் மாலைக்குள் வேண்டும்)

அரூர் – திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 16 பக்கத்தில் ஒரு சிறு நூல் தயார் செய்துகொண்டிருக்கிறேன். தலைப்பு 'டிராகன் உண்மையில் இருந்ததா?' சனிக்கிழமை பள்ளிக் கண்காட்சி. வியாழன் மாலைக்குள் பிடிஎஃப் வராவிட்டால் தன்னை நம்ப வேண்டாம் என்று தருமபுரி அச்சகத்துக்காரர் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் ஒரு கல்லால் வந்தது. சித்தேரி மலைப் பக்கமிருந்து வரும் பையன் ஒருவன் போன மாதம் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து என் மேசைமேல் வைத்தான். விரல் நீளம், ஒரு முனை கூர், மறுமுனையில் செம்மண் அப்பியிருந்தது. "டிராகன் பல்லு, டீச்சர்" என்றான். வெங்கச்சங்கல்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் குழாயடியில் கழுவிப் பார்த்தபோது பல் போலத்தான் இருந்தது. அன்றைக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை.

நூலில் 'டிராகன்' 41 இடத்தில் வருகிறது. பறவைநாகம், யாளி, பறக்கும் பாம்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

ஊத்தங்கரை – திங்கள், இரவு 10.25

அம்மா, டகரம் மொழிக்கு முதலில் வராது. இந்தக் குழுவில் இதை எத்தனை முறைதான் எழுதுவது? வடசொல் வந்தால் அதன் எழுத்தை நீக்கி நம் எழுத்தால் எழுதச் சொல்லித் தொல்காப்பிய எச்சவியலில் வழி இருக்கிறது. மற்ற மொழிச் சொல்லுக்கும் அதன்படி போனால் 'இடிராகன்'. படிக்கிற பிள்ளை, இடி இடிக்கும்போது பாடுகிற ராகம் என்று நினைக்கும்.

சொல் நம்மிடமே இருக்கிறது: மாசுணம். மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டில் கூத்தர்களுக்கு வழி சொல்லும் இடத்தில், விழுந்து கிடக்கும் மரம்போல மாசுணம் கிடக்கும், விலகிப் போங்கள் என்று வருகிறது. அந்த வழி நன்னன் என்ற மன்னனின் செங்கண்மாவுக்குப் போகிற வழி. செங்கண்மாதான் இன்றைய செங்கம், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். ஆக இது நம் மண்ணின் சொல். 'மா' என்றால் பெரிய. 'சுணம்' என்பது சுணங்கு, மேனியில் படரும் புள்ளி. சீன ஓவியங்களில் டிராகனுக்கு உடம்பெல்லாம் செதில் புள்ளி இருப்பதைப் பாருங்கள். சீனம், சுணம் என்ற ஒலி நெருக்கமும் நோக்கத்தக்கது.

ஓசூர் – செவ்வாய், காலை 7.10

ஐயா, சீனம்-சுணம் படித்துக் காப்பி புரையேறிவிட்டது.

மாசுணம் என்றால் மலைப்பாம்பு. அது இன்றைக்கும் இருக்கிறது. 'மாசுணம் உண்மையில் இருந்ததா?' என்று அட்டையில் போட்டால், 'இருந்தது, போன வாரம் கரும்புத் தோட்டத்தில் தீயணைப்புக்காரர்கள் பிடித்தார்கள்' என்று முதல் வரியிலேயே நூல் முடிந்துவிடும். மிச்சம் 15 பக்கத்துக்கு டீச்சர் என்ன செய்வார்?

டிராகன் என்றால் டிராகன். பிள்ளைகள் பொம்மைப் படத்தில் பார்த்த சொல். விட்டுவிடுங்கள்.

பென்னாகரம் – செவ்வாய், காலை 8.30

விலங்கு எது என்று முடிவு செய்யாமல் சொல் தேடுகிறோம். நான் விலங்கியல் பாடம் நடத்துகிறவன், அந்தப் பக்கமிருந்து சொல்கிறேன்.

ஐரோப்பிய டிராகனுக்கு நான்கு கால், போதாததற்கு இரண்டு சிறகு. முதுகெலும்பு உள்ள எந்த விலங்குக்கும் ஆறு கை கால் கிடையாது. பறவையின் சிறகும் வௌவாலின் சிறகும் முன்னங்கால்கள்தான். இதற்கு ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தது மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பறக்கும் பல்லி. விலா எலும்புகளை வெளியே நீட்டி, அவற்றுக்கிடையே தோலை விரித்து, மரம் விட்டு மரம் மிதந்து போகும். நான்கு காலும் அப்படியே இருக்கும். 1758-ல் லின்னேயஸ் அந்தப் பேரினத்துக்கு வைத்த பெயர் டிராகோ. ஆக உண்மையில் இருக்கும் டிராகன் உள்ளங்கையில் அடங்கும்.

பெரிதாகப் பறக்க முடியுமா என்றால் முடியும். கெட்சல்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனவுக்குச் சிறகு விரிப்பு 10 மீட்டருக்கு மேல். பரிசலில் போகும்போது தலைக்கு மேல் ஒரு டவுன் பஸ் பறப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கூட்டம் 6.6 கோடி ஆண்டுக்கு முன்பே அழிந்துவிட்டது. நம் இனம் வந்து 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. பார்த்துப் பேர் வைக்க ஆள் இல்லை.

நெருப்பு? ஒரு வகை வண்டு வயிற்றில் இரண்டு ரசாயனங்களைத் தனித்தனியே வைத்திருந்து, எதிரி வந்தால் கலந்து, கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டில் பீய்ச்சும். கொதிநீர்வரை உயிர்களுக்குக் கைவந்திருக்கிறது, தீ வரவில்லை.

யாளி வேண்டாம். அகநானூற்று 'ஆளி' யானையைக் கொல்கிற விலங்கு. சிறகும் இல்லை, நெருப்பும் இல்லை. கோயில் தூணில் துதிக்கையோடு நிற்கும் யாளியைக் காட்டி இதுதான் டிராகன் என்றால் இரண்டுமே கெடும்.

எலத்தகிரி – செவ்வாய், பகல் 1.15

யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் டிராகனுக்கு 'வலுசர்ப்பம்'. எங்கள் கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் 'அரக்கப் பாம்பு'. மிக்கேல் சம்மனசு (தேவதூதர்) காலடியில் கிடப்பதை எங்கள் ஊர்ப் பாட்டிகள் இன்றும் வலுசர்ப்பம் என்றுதான் சொல்வார்கள். அச்சேறிப் புழங்கிய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

பாலக்கோடு – செவ்வாய், பகல் 2.05

ஒரு விவசாயியின் சந்தேகம். அரை ஏக்கரில் சிமெண்ட் தூண் நட்டு, தலையில் பழைய டயர் மாட்டி, டிராகன் பழம் ஏற்றியிருக்கிறேன். உங்கள் முடிவு வந்ததும் நான் பெட்டியில் 'வலுசர்ப்பப் பழம்' என்று எழுத வேண்டுமா? யார் வாங்குவார்கள்? குஜராத் அரசு 2021-ல் 'கமலம்' என்று பேர் மாற்றியது. எங்கள் மண்டி வியாபாரி இன்னும் 'டிராக்கான்' என்றுதான் கூவுகிறார்.

ஊத்தங்கரை – செவ்வாய், மாலை 6.30

சர்ப்பம் வடசொல். பாம்பு, அரவு, பாந்தள், கட்செவி இத்தனை இருக்க சர்ப்பம் ஏன்? பழத்துக்கு 'செதிற்கள்ளி' எனலாம். அது கள்ளிக் குடும்பம்தானே.

கிருஷ்ணகிரி – செவ்வாய், இரவு 8.50

குவாரியில் 20 வருடம் கல் பார்த்தவன் என்ற முறையில், சொல்லுக்கு அல்ல, அந்தப் பையனுக்கு ஒரு பதில்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துப் பாறையும் பூமிக்குள் வெந்து இறுகிய பாறை, பெரும்பாலும் 250 கோடி ஆண்டு வயது. எங்கள் ஊர் சையத் பாஷா மலையை முழுக்க அறுத்து லாரியில் ஏற்றினாலும் ஒரு எலும்பு கிடைக்காது. அந்தக் காலத்தில் எலும்புள்ள உயிரே இல்லை. எலும்பு வேண்டுமென்றால் கடல் வந்து போன அரியலூருக்குப் போக வேண்டும். அங்கே டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது.

எலும்பைப் பார்த்து டிராகன் என்று நம்பியவர்கள் உண்டு. ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் என்ற ஊரில் 16-ஆம் நூற்றாண்டு டிராகன் சிலை ஒன்று நிற்கிறது. அதன் தலைக்கு மாதிரி, 1335-ல் கிடைத்த ஒரு மண்டையோடு. பிற்பாடு பார்த்தால் அது பனியுகத்துக் கம்பளிக் காண்டாமிருகம். சீனாவில் 'டிராகன் எலும்பு' என்று மருந்துக் கடையில் பொடித்து விற்றதெல்லாம் பழைய விலங்குகளின் எலும்புதான். அதில் கீறியிருந்தது எழுத்து என்று 1899-ல் ஒருவர் கவனித்ததால்தான் சீனத்தின் மிகப் பழைய எழுத்து வெளியே தெரிந்தது. அதற்கு முன் எத்தனை பக்கம் கஷாயமாகப் போனதோ.

இன்னொன்று. நம் பக்கம் வயலுக்கு வயல் நடுகல் நிற்கிறது. புலிக்குத்திக் கல் உண்டு, பன்றிக்குத்திக் கல் உண்டு, ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் உண்டு. டிராகன் குத்திக் கல் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் நம் ஆள் குத்தாமல் விட்டிருப்பானா?

ஓசூர் – புதன், காலை 6.15

தூக்கம் வரவில்லை. ஐயா நேற்றுப் போகிற போக்கில் 'கட்செவி' என்றார், கண்ணே செவியான பாம்பு என்று பொருள், அது மண்டையில் ஒட்டிக்கொண்டது.

டிராகன் கிரேக்கச் சொல். 'பார்' என்ற வினையிலிருந்து வந்தது என்கிறார்கள், கூர்ந்து பார்ப்பது என்று பொருள். கிரேக்கனுக்கும் பாம்பென்றால் கண்தான் முதலில் தெரிந்திருக்கிறது, நமக்கும் கண்தான். ஆனால் கட்செவியை 'கட்செவி அஞ்சல்' என்று வாட்ஸ்அப்புக்குக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கேட்க முடியாது.

இனிதான் விஷயம். அந்தக் கிரேக்க வினையும் சமஸ்கிருதத்தின் 'த்ருஷ்' வேரும் உடன்பிறப்பு. அதிலிருந்து திருஷ்டி, அது தமிழில் திட்டி. மணிமேகலையின் முற்பிறப்புக் கணவன் இராகுலன் செத்தது எதனால்? 'திட்டிவிடம்' என்ற பாம்பால். பார்வையிலேயே நஞ்சுள்ள பாம்பு. டிராகனின் அதே வேர், கொல்லும் பாம்பு என்ற அதே பொருள், நம் காப்பியத்திலேயே! நேற்றுவரை டிராகன் போதும் என்றவன் நான். இன்று காலை வாபஸ்.

அதோடு, புது வீடு கட்டும்போது சாரத்தில் கட்டித் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையைப் பாருங்கள். உருட்டு விழி, கோரைப்பல், தொங்கும் சிவப்பு நாக்கு. தருமபுரி புறவழிச்சாலை நெடுக டிராகன்தான் தொங்குகிறது.

ஊத்தங்கரை – புதன், காலை 6.40

தம்பி, அழகான ஆராய்ச்சி. ஆனால் திட்டி வடசொல், விடமும் வடசொல். இரண்டு வடசொல்லைக் கூட்டினால் தமிழ் ஆகிவிடுமா? வேண்டுமானால் 'நோக்குநஞ்சு'.

பென்னாகரம் – புதன், காலை 9.00

நோக்குநஞ்சு என்றால் என் மாணவர்கள் கண் மருந்து என்பார்கள்.

சீன டிராகனை யாரும் கவனிக்கவில்லை. அது மழை தருகிற, நீரை ஆள்கிற தெய்வம். யாரும் அதைக் குத்தப் போவதில்லை. அதற்கு நஞ்சு, அரக்கன் என்றெல்லாம் பேர் வைப்பது சரியா? 2024 புத்தாண்டுக்குச் சீன ஊடகங்களே ஆங்கிலத்தில் டிராகனை விட்டுவிட்டு 'லூங்' என்று எழுதின. ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்கப் பார்ப்பதுதான் நம் தவறு.

அரூர் – புதன், இரவு 10.10

மன்னிக்கவும், எனக்கு நாளை மாலை மட்டும்தான் இருக்கிறது.

இன்று வகுப்பில் எல்லாச் சொல்லையும் பலகையில் எழுதிக் கேட்டேன். வலுசர்ப்பம் என்றதும் பின்வரிசை சிரித்தது. திட்டிவிடம் என்றதும் ஒருவன் "யாரை டீச்சர் திட்டிவிட்டோம்?" என்றான். மாசுணம் 'மாசு' ஆகிவிட்டது, சுற்றுச்சூழல் பாடம் என்று நினைத்துவிட்டார்கள். கல் கொண்டுவந்த பையன் மட்டும் யோசித்துவிட்டு "ரெக்கை வெச்ச உடும்பு" என்றான். எனக்கு அதுதான் பிடித்தது, ஆனால் 41 இடத்தில் போட்டால் பக்கம் நிரம்பிவிடும்.

ஆகவே: நூலுக்குள் டிராகன். சீனத்தது லூங். கொமோடோ டிராகன் மட்டும் கொமோடோ உடும்பு, மூன்று மீட்டர் வளர்ந்தாலும் அது உடும்புதானே. உங்கள் சொற்கள் எல்லாம் கடைசிப் பக்கத்தில் பட்டியலாக. ஆட்சேபம் இருந்தால் காலைக்குள்.

எலத்தகிரி – புதன், இரவு 10.30

சம்மதம்.

பாலக்கோடு – புதன், இரவு 10.32

சம்மதம். பெட்டி தப்பித்தது.

ஓசூர் – புதன், இரவு 11.50

சரி. திட்டிவிடத்துக்குப் பக்கத்தில் மணிமேகலை என்று ஒரு வார்த்தை போடுங்கள்.

ஊத்தங்கரை – வியாழன், காலை 5.20

சம்மதம் இல்லை. பெரும்பான்மைக்குத் தடை சொல்லவும் இல்லை.

ஊத்தங்கரை – சனி, பகல் 12.45

அம்மா, கண்காட்சிக்கு வந்து நூல் ஒன்று வாங்கினேன். நன்றாக வந்திருக்கிறது. அட்டையில் டகரத்தைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 16-ஆம் பக்கத்தில் மாசுணம் 'அசுணம்' என்று அச்சாகியிருக்கிறது. அசுணம் வேறு. அது யாழிசை கேட்டு மயங்கி வந்து, பறை ஒலி கேட்டால் உயிரை விடும் என்று பாட்டில் வருகிற உயிர். திருத்தச் சீட்டு ஒட்டவும்.

அரூர் – சனி, மாலை 7.20

ஐயா, 200 படியும் போய்விட்டது. அந்தப் பையன் வீட்டுக்குப் போகும்முன் வந்து கேட்டான்: "அசுணம் நிஜமா இருந்துச்சா, டீச்சர்?"

ஓசூர் – சனி, மாலை 7.24

புது இழை தொடங்கட்டுமா?