சூடானால் அணைந்துவிடும் டீசல் பிக்கப்: இசிஎம்மை மாற்றத்தான் வேண்டுமா?

களக்காட்டு வாழைலோடு:

அனைவருக்கும் வணக்கம். களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்கு ஓடும் என்னுடைய பிஎஸ்4 டீசல் பிக்கப் வண்டி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, பெரும்பாலும் மூன்றடைப்பை நெருங்கும்போது திடீரென்று அணைந்துவிடுகிறது. செல்ஃப் அடித்தால் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிப்பதில்லை. பானெட்டைத் திறந்து வைத்து ஆறவிட்டால் தானாகவே கிளம்பிவிடும். காலைக் குளிரில் ஒரு குறையும் கிடையாது.

ஸ்கேனரில் பி0642, பி0606 என்ற இரண்டு குறியீடுகள் வருகின்றன. டீசல் பில்டரை மாற்றியாயிற்று, டேங்கையும் கழுவியாயிற்று. இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது இந்த வண்டி சிந்துபூந்துறையில் சீட்டு மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இசிஎம் பெட்டி பானெட்டுக்குள் பேட்டரியை ஒட்டி இருக்கிறது. பெருந்தொகை செலவழிக்கும் முன், கோளாறு அதில்தான் என்று உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

பேட்டை எலக்ட்ரீசியன்:

அண்ணாச்சி, வணக்கம். வழி உண்டு, அதைச் செய்யாமல் இசிஎம் வாங்க வேண்டாம். சூட்டில் அணைந்து ஆறினால் கிளம்பும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, இன்ஜின் சுற்றுவதை இசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைத்தான். வண்டி அணைந்து நிற்கும் அந்த நேரத்திலேயே ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் முதலில் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். இருநூறை ஒட்டிக் காட்டினால் அந்தச் சென்சார் வேலை செய்கிறது.

பி0642 என்பது, சென்சார்களுக்கு இசிஎம் கொடுக்கும் 5 வோல்ட் மின்சாரம் தாழ்ந்துவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. ஏன் தாழ்ந்தது என்று சொல்வதில்லை. பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாக்கி, டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சார், ஆக்சிலேட்டர் பெடல், காற்றழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார் ஆகியவற்றுக்கு இசிஎம் பங்கிடுகிறது. ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களில் ஒன்றின் வரப்பு உடைந்தால் மற்ற வயல்களுக்கும் தண்ணீர் ஏறாது அல்லவா, அதுபோல ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும், ஒரு வயர் உரசித் தோல் போனாலும், எல்லாச் சென்சார்களுக்கும் மின்சாரம் குறைந்துவிடும். பி0606 இசிஎம்மின் உள் சோதனை தோற்றதைக் குறிக்கும் என்றாலும், வந்து சேரும் மின்சாரம் சரியில்லை என்றாலும் அது பதிவாகக்கூடும்.

ஆகவே இசிஎம்முக்கு மின்சாரம் விடும் மெயின் ரிலேயின் கால்கள் கருகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை இசிஎம்மின் கிரவுண்டு வயரிலும் வைத்து, இன்ஜின் ஓடும்போது அளவு எடுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கிரவுண்டில்தான் நோய். அது சரியாக இருந்தால், வண்டி அணைந்த நிலையில் சாவியை ஆன் செய்து, ரெயில் சென்சார் கப்ளரில் (வயரைச் சென்சாரோடு சேர்க்கும் இணைப்பில்) 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் அந்த 5 வோல்ட்டில் ஓடும் சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் திரும்பவில்லை என்றால், அந்த 5 வோல்ட் வயரை இசிஎம் கப்ளரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வெட்டி, இசிஎம் பக்கத்துத் துண்டில் அளந்து பாருங்கள். அங்கேயும் குறைவு என்றால் பட்டறைக்காரர் சொன்னது சரி.

களக்காட்டு வாழைலோடு:

சொன்னபடியே நாங்குநேரியில் ஓர் எலக்ட்ரீசியனை உடன் வைத்துக்கொண்டு பார்த்தோம். அணைந்த நிலையில் ஆர்பிஎம் 210 வரை காட்டியது. பேட்டரி 12.6 வோல்ட், கிரவுண்டில் 0.04 வோல்ட், ரிலே சுத்தமாக இருக்கிறது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 2.1 வோல்ட்தான் வந்தது. எல்லாச் சென்சார்களையும் கழற்றிய பிறகும், வயரை வெட்டிய பிறகும் அதே அளவுதான். ஆறியதும் மெல்ல ஏறி 5 வோல்ட்டில் நின்றது. இசிஎம் கப்ளரைக் கழற்றியபோது ரப்பர் வளையத்தின் உட்புறம் பச்சைப் பொடி படிந்திருந்தது. ஓரத்துப் பின்கள் இரண்டின் அடி கறுத்துக் கிடந்தது.

வள்ளியூர் டிரைவர்:

வண்டி உடைக்கும் கடையில் இதே மாடலின் பழைய இசிஎம் கிடைக்கும். வாங்கி மாட்டிவிட்டால் முடிந்தது. புதியதற்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

பேட்டை எலக்ட்ரீசியன்:

மாட்டினால் மட்டும் முடியாது அண்ணாச்சி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் இசிஎம்மும் சாவியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். வேறு வண்டியிலிருந்து வந்த பெட்டி உங்கள் சாவியை ஏற்காது. இன்ஜின் கிளம்பாது, அல்லது கிளம்பிய கணமே நின்றுவிடும்.

உங்களுக்கு ஒரு நல்ல காலம் இருக்கிறது: உங்கள் வண்டியின் இசிஎம் இன்னும் சாகவில்லை, குளிர்ந்திருக்கும்போது பேசுகிறது. அது முழுதாக மௌனமாவதற்குள், காலையில் வண்டியைக் கிளப்பாமலேயே, அதிலுள்ள தகவல் முழுவதையும் படித்துச் சேமித்து வைத்துவிட வேண்டும். சேசிஸ் எண், இம்மொபிலைசர் தகவல், இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் முனை) குறியீடுகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இந்த வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தகவல் கையில் இருந்தால், எண் பொருந்தும் பழைய பெட்டியில்கூட அதை ஏற்றி ஓட்டலாம். இல்லையென்றால் நிறுவன சர்வீஸ் சென்டரில் புதிய பெட்டி வாங்கி, எல்லாச் சாவிகளையும் கொண்டுபோய்ப் பதிவு செய்வதுதான் வழி.

பெட்டி வாங்கும்போது வண்டியின் மாடல் பெயரை நம்ப வேண்டாம். லேபிளில் உள்ள ஹார்ட்வேர் எண்ணும் சாப்ட்வேர் எண்ணும் உங்களுடையவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நான்கு இன்ஜெக்டர்களின் தலையிலும் பொறித்திருக்கும் குறியீட்டைத் துணியால் துடைத்து, எந்த சிலிண்டரில் எது என்று எழுதிக்கொள்ளுங்கள். அவை இடம் மாறிப் பதிந்தால் ஐடிலில் இன்ஜின் அதிரும், தட்டும், கரும்புகையும் வரலாம். கடைசியில் நல்ல இன்ஜெக்டர்களைக் குறை சொல்லிக் கழற்றுவார்கள்.

கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள். தகவல் ஏற்றும்போது மட்டும் பேட்டரிக்குச் சீரான சார்ஜர் இணைந்திருக்க வேண்டும். நடுவில் வோல்ட் இறங்கினால் புதிய பெட்டியும் கையோடு போய்விடும். இதையெல்லாம்விட முக்கியம், கறுத்த அந்தப் பின்கள். பெட்டியின் பின் கறுத்திருந்தால் எதிரே கப்ளரில் இருக்கும் டெர்மினலும் அரித்திருக்கும். அவற்றை மாற்றி, ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடாமல் புதிய இசிஎம்மை மாட்டினால், அடுத்த ஐப்பசி மழைக்கு இதே கதை தொடரும்.

களக்காட்டு வாழைலோடு:

மிகவும் நன்றி. காலையிலேயே தகவலைப் படித்துச் சேமித்துவிட்டார்கள். எண் பொருந்தும் பெட்டியில் ஏற்றி, டெர்மினல்களையும் மாற்றினோம். லோடோடு மூன்றடைப்பு தாண்டித் திருநெல்வேலி வந்து திரும்பியும் வண்டி நிற்கவில்லை. இரண்டு கேள்விகள் மீதி இருக்கின்றன. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆரை நிறுத்திவிடும் பைலையும் சேர்த்து ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்கள், ஏற்றலாமா? பழைய பெட்டியைக் கொடுத்தால் கூலியில் கழித்துக்கொள்வதாகவும் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

பேட்டை எலக்ட்ரீசியன்:

ஈஜிஆர் பைல் வேண்டவே வேண்டாம். அது புகைக் கட்டுப்பாட்டை முடக்குவது. எப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் வண்டிக்குத் தேவையற்ற தொல்லை. பழைய பெட்டியைக் கொடுக்காதீர்கள். அதற்குள் உங்கள் சேசிஸ் எண்ணும் சாவித் தகவலும் இருக்கின்றன. சேமித்த பைலை ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்கி, பெட்டியோடு சேர்த்து வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.