கப்பல் வாடகை கட்டியாகிவிட்டது, இங்கே இன்னொரு பில் வந்திருக்கிறது: கட்டலாமா?

புதுவரவு: வணக்கம். குடும்பத்தோடு வந்து இப்போதுதான் வீடு பிடித்திருக்கிறோம். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பி, பணத்தை முழுசாக அங்கேயே கட்டிவிட்டேன். இன்று இங்குள்ள ஏஜெண்ட் ஒரு பில் அனுப்பியிருக்கிறார், அது கட்டிய கப்பல் வாடகையைவிட அதிகம். கட்டினால்தான் சாமானை எடுக்க அனுமதிக்கும் டெலிவரி ஆர்டர் தருவாராம். பிள்ளைகளின் குளிர் உடுப்பெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. அவசரம்.

கதிர்: கட்டாதீர்கள் சகோ, சண்டை போடுங்கள். நாங்கள் வந்த புதிதில் சாமானே கொண்டுவரவில்லை. வெறும் தரையில் படுத்தோம், அட்டைப்பெட்டிதான் மேசை. பழைய கட்டிலுக்காகக் கப்பலுக்குக் கொட்டிக்கொடுப்பதைவிட இங்கேயே வாங்கலாம்.

மலர்: சாமான் வந்து நிற்கும்போது இதைச் சொல்லி என்ன பயன்? சண்டை முடியும்வரை கிடங்கு வாடகை நாள்கணக்கில் ஏறும். முதலில் கட்டி எடுங்கள்.

செல்வம்: இந்தக் கட்டணங்களுக்கு முடிவே இல்லை. 2020இல் கப்பலுக்குக் கந்தகம் குறைந்த எண்ணெய் என்று ஒன்று. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றுகிறோம் என்று இன்னொன்று. எல்லாம் கடைசியில் நம் தலையில்.

கதிர்: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

துறைமுகத்தான்: கோபம் நியாயம்தான். ஆனால் தனி கண்டெய்னரா, பிறர் சரக்கோடு சேர்த்த எல்சிஎல்லா? வீடுவரையா, போர்ட்வரையா? புதுவரவு அதைச் சொல்லவில்லையே.

புதுவரவு: மன்னிக்கவும். எல்சிஎல். ரசீதில் போர்ட்வரை என்றுதான் இருக்கிறது.

துறைமுகத்தான்: அப்படியானால் இறங்கும் பக்கத்துச் செலவு உங்களுடையதுதான். துறைமுகத்தில் சரக்கைக் கையாளும் டெர்மினல் ஹேண்ட்லிங், கிடங்கில் கண்டெய்னரைப் பிரிக்கும் சிஎஃப்எஸ் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம் எல்லாம் இருக்கும். எல்சிஎல்லில் வாடகையைக் குறைத்துக்காட்டி ஆள் பிடித்துவிட்டு, இறங்கும் பக்கத்தில் வசூலிப்பவர்கள் நிறைய. வருத்தமான வழக்கம், ஆனாலும் பில் போலி என்று ஆகிவிடாது.

வரிவரியாகப் பிரித்த பில்லை இன்றே கேளுங்கள். 1 கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, எந்தக் கணக்கில் அதிகம் வருகிறதோ அதற்குத்தான் கட்டணம். அதனால் பேக்கிங் லிஸ்ட் அளவோடு ஒத்துப்பாருங்கள். கப்பல் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் 'ஃப்ரைட் ப்ரீபெய்டு' (வாடகை முன்பே கட்டியாயிற்று) என்றிருந்தால், எரிபொருளுக்கான கூடுதல் கட்டணமும் (சர்சார்ஜ்) நெரிசல் காலத்துக்கான பீக் சீசன் சர்சார்ஜும் பொதுவாக வாடகையோடு முடிந்தவை. டிமரேஜ் என்பது டெர்மினலில் கண்டெய்னர் தங்குவதற்கு, டிடென்ஷன் என்பது வெளியே எடுத்த கண்டெய்னரைத் திருப்பத் தாமதித்தால். கண்டெய்னர் உங்கள் கையில் இல்லாதபோது அவை ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

மலர் சொல்வதும் சரி. கிடங்கில் இலவச நாள் எதுவரை என்று கேட்டு, அதற்குள் பதில் வராவிட்டால் 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று மின்னஞ்சல் போட்டுவிட்டுக் கட்டி எடுங்கள். அப்புறம் அனுப்பிய பக்கத்து ஏஜெண்டிடம் கேட்கலாம். சுங்கப் பரிசோதனை வந்தால் அந்தச் செலவு தனி, கையில் கொஞ்சம் வைத்திருங்கள்.

புதுவரவு: நன்றி அண்ணா, மின்னஞ்சல் போட்டுவிட்டேன். பில் வந்ததும் பெயர், எண்களை மறைத்து இங்கே போடுகிறேன்.