புதுப்பிப்பு: பெறாமகளின் முதுமாணிக் கட்டணம்

சித்திரையில் எழுதியிருந்தேன்: அக்காவின் மகளுக்குக் கொழும்புக்கு வடக்கே சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணி முதுமாணி படிக்க இடம் கிடைத்திருக்கிறது, காசுக்குத்தான் வழியில்லை, யோசனை சொல்லுங்கள் என்று.

முதல் தவணை கட்டியாயிற்று. நகையை அடகு வைக்காதே என்றவர்களுக்கு நன்றி, வைக்கவில்லை. போட்டுவந்த சீட்டுக் காசை முதலிலேயே எடுத்தேன், அதற்குப் பிடித்த கழிவு கொஞ்சம் கடித்தது. மீதியைத் தயிர் தந்தது. இரண்டு சனிக்கிழமை மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு வாசலில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் விற்றோம். முதல் நாள் ஓட்டோவிலேயே ஏழு சட்டி உடைந்து, இருக்கையெல்லாம் தயிர். அடுத்த முறை வைக்கோல் பரப்பினோம்.

"சமூகசேவைக்கு எதுக்குப் படிப்பு, சிரமதானம் செய்தால் போதாதா?" என்று ஒரு மாமா கேட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் முகாமுக்கு அரிசி கொண்டுவந்தவர்கள் ஏராளம். அம்மா தூங்குவதே இல்லை என்று கவனித்தது ஒரேயொரு சமூகப்பணியாளர்தான். அதைச் சொன்னேன். பேசாமல் ஐயாயிரம் தந்துவிட்டு, இரண்டு சட்டியும் வாங்கிப் போனார்.

இரண்டாம் தவணை பாக்கி. பயணச் செலவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, அது இப்போதுதான் உறைக்கிறது. சீதுவைப் பக்கம் பிள்ளை தங்க நல்ல வீடு தெரிந்தால் சொல்லுங்கள்.