சேலத்து வெள்ளைக்கல்லில் வினிகர் ஊற்றினால் நுரை வரவில்லை, ஏன்?

மாம்பழச்சோலை:

வணக்கம். நாங்கள் சூரமங்கலத்தில் இருக்கிறோம். மகள் நாலாம் வகுப்பு. லீவு நாட்களில் வீட்டிலேயே ஏதாவது சோதனை செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். முட்டை ஓட்டை வினிகரில் போட்டதும் ஓடு முழுக்கக் குமிழ் அப்பிக்கொண்டது. அவளுக்கு ஒரே குஷி. "தாத்தாவோட வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புதானே, அதையும் போடலாம்" என்றாள்.

என் மாமனார் மேக்னசைட் (அதைத்தான் வெள்ளைக்கல் என்போம்) சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அப்போது கொண்டுவந்த கல் ஒன்றை டிவி பக்கத்தில் இன்னும் வைத்திருக்கிறார். அவரே ஒரு சில்லு உடைத்துக் கொடுத்தார். வினிகரில் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு குமிழ் கூட இல்லை. சாக்பீஸையும் போட்டோம். கொஞ்சம் காற்றுக் குமிழ் வந்தது, அதோடு நின்றுவிட்டது.

வினிகர் பழசோ என்று சமையல் சோடாவில் ஊற்றினேன், நன்றாகப் பொங்கியது. அப்படியானால் கோளாறு எங்கே? "தாத்தா கல் பொய்க்கல்லா?" என்று அவள் கேட்க, மாமனார் முகம் வாடிப்போனது. யாராவது சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்காரன்:

வினிகருக்கு வீரியம் பத்தாதுங்க. கடை வினிகரில் அமிலம் நாலு சதவீதம் அளவுதான் இருக்கும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்கள்.

கரும்பலகை:

அண்ணா, தயவுசெய்து அது வேண்டாம். அந்த ஆசிட் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அதே பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரும் இருக்கும், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். ஒன்பது வயதுக் குழந்தை பக்கத்தில் நிற்கிற வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

சாக்பீஸ் விஷயம் சுலபம். இப்போது கிடைக்கிற சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். கார்பனேட் இருந்தால்தான் அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வரும். நீங்கள் பார்த்தது சாக்பீஸின் துளைகளில் இருந்த காற்று. வெள்ளைக்கல்லைப் பற்றி கற்களோடு பழகியவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

கல்லும்மண்ணும்:

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் வெள்ளையாகக் கிடப்பதெல்லாம் வெள்ளைக்கல் இல்லை, வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) ஏராளம். சில்லின் கூர்முனையால் பழைய கண்ணாடிப் பாட்டிலில் கீறிப் பாருங்கள். கண்ணாடியில் கோடு விழுந்தால் வெங்கச்சங்கல். மேக்னசைட் கண்ணாடியைக் கீறாது. உடைந்த இடமும் பீங்கான் கோப்பை உடைந்த மாதிரி வழவழப்பாக, பளபளப்பில்லாமல் இருக்கும்.

மேக்னசைட்தான் என்றால், உங்கள் சோதனை தோற்கவில்லை. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். தாத்தாவின் கல் மக்னீசியம் கார்பனேட். மக்னீசியம் அயனி கால்சியத்தைவிடச் சிறியது, கார்பனேட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் குளிர்ந்த அமிலம் அவ்வளவு சீக்கிரம் அதைப் பிரிக்காது. காட்டில் கல் பார்க்கப் போகும்போது நாங்களும் இதைத்தான் செய்கிறோம். நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டதும் சீறினால் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் கல். தூளாக்கிய பிறகுதான் லேசாக நுரைக்கிறது என்றால் டோலமைட், அதாவது கால்சியமும் மக்னீசியமும் கலந்த கார்பனேட் கல். சூடாக்காமல் அசையவே மாட்டேன் என்றால் மேக்னசைட். உங்கள் மகள் தெரியாமலே அந்தச் சோதனையைச் செய்துவிட்டாள்.

ஓமலூர் ரோட்டில் போகும்போது தெரிகிற அந்த மேடுகளுக்கு வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்று பேர் வைத்தார்கள். உண்மையில் அங்கே சாக்கே கிடையாது. கறுத்த பாறைக்குள் வெள்ளை நரம்புபோல மேக்னசைட் ஓடுகிறது, அவ்வளவுதான்.

நுரை பார்க்க வேண்டுமானால்: சில்லைப் பழைய துணியில் சுற்றி, சுத்தியலால் மாவு மாதிரி தட்டுங்கள். இதை நீங்களே செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தூசியை மூச்சில் இழுக்க வேண்டாம். வினிகருக்குப் பதில் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) வாங்குங்கள். அரை டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் கரைத்து, தூளைப் போட்டு, டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். முட்டை ஓடு மாதிரி அப்பிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஊசிமுனை அளவுக் குமிழ்கள்தான் வரும்.

இன்னொன்று, கல் பொறுக்க குழந்தையைச் சுரங்கக் குழிப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கிய குழிகள் ஆழம் தெரியாது.

கரும்பலகை:

ஒரு சின்ன சேர்க்கை. தண்ணீரைச் சூடாக்கினாலே அதில் கரைந்திருக்கும் காற்று குமிழாக வரும். அதைப் பார்த்து நுரை வந்துவிட்டது என்று ஏமாறக் கூடாது. கல் போடாமல், எலுமிச்சை உப்புத் தண்ணீர் மட்டும் உள்ள டம்ளர் ஒன்றையும் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

மாம்பழச்சோலை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் செய்து பார்த்தோம். பாட்டிலில் கோடு விழவில்லை, வெள்ளைக்கல்தான். மாமனார் "நான் அப்பவே சொன்னேனே" என்றார்.

மூன்று டம்ளர் வைத்தோம். ஒன்றில் எலுமிச்சை உப்புத் தண்ணீர் மட்டும், ஒன்றில் அதோடு முழுச் சில்லு, ஒன்றில் அதோடு தூள். மூன்றும் ஒரே வெந்நீர்ப் பாத்திரத்தில். முதல் சில நிமிடம் மூன்றிலுமே சுவரோரம் குமிழ் ஒட்டியிருந்தது. கரும்பலகை டீச்சர் சொல்லாவிட்டால் அதைப் பார்த்தே கைதட்டியிருப்போம். அப்புறம் முதல் டம்ளர் அடங்கிவிட்டது. தூள் போட்டதில் மட்டும் அடியிலிருந்து மணல் மாதிரி பொடிக் குமிழ்கள் வரிசையாக மேலே வந்துகொண்டே இருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. வெந்நீரை இரண்டு தடவை மாற்றினேன். ஆறினால் மெதுவாகிவிடுகிறது, சூடு ஏற்றினால் திரும்ப வருகிறது. இதை அவளேதான் கண்டுபிடித்தாள். சில்லு இருந்த டம்ளரில் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

"இவ்வளவு பிடிவாதக் கல்லை எதுக்குத் தோண்டினாங்க?" என்று தாத்தாவிடம் கேட்டாள். "உருக்காலை உலைக்குள்ள பதிக்கிற செங்கல்லுக்குத்தான்" என்றார். கல்லைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய் மக்னீசியா மிஞ்சும், அதில் செய்த செங்கல் இரும்பு உருகுகிற சூட்டிலும் உருகாது என்று விரல் விட்டுச் சொன்னார். இத்தனை வருடத்தில் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

கல்லும்மண்ணும்:

தாத்தா சொன்னது சரி. இரும்பு உருக 1,538 டிகிரி, மக்னீசியா உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும். முடிந்தால் வீட்டுக் கோலமாவையும் ஒரு சிட்டிகை வினிகரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரிசி மாவா கல் மாவா என்று கண்டுபிடிக்கட்டும். குளிர்ந்த வினிகரில் நுரைத்தால் கல் மாவு. நுரைக்கவில்லை என்றால் உடனே அரிசி மாவு என்று சொல்லிவிட முடியாது, ஏன் என்று அவளுக்கே இப்போது தெரியும்.

மாம்பழச்சோலை:

பக்கத்து வீட்டுக் கோலமாவையும் வாங்கி வரக் கிளம்பிவிட்டாள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.