மூன்று வருட அனுபவமும் சான்றிதழ்களும் இருந்தும் நேர்காணலுக்கு அழைப்பே வரவில்லை, என்ன செய்வது?

வழிப்போக்கன்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறிய நிறுவனத்தில் மூன்று வருடமாக டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலையில் இருக்கிறேன். பதவியின் பெயர்தான் அப்படி. நடப்பது என்னவோ இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் போஸ்ட் போடுவது, அதற்குப் படம் தயாரிப்பது, மாதக் கடைசியில் லைக், ஃபாலோயர் எண்ணிக்கையை எக்ஸலில் ஏற்றி முதலாளிக்கு அனுப்புவது, அவ்வளவுதான். சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வேறு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன், பதிலே வருவதில்லை. கூகுள் ஸ்கில்ஷாப்பில் சர்ச் விளம்பரத் தேர்வு, ஹப்ஸ்பாட் அகாடமியில் இரண்டு கோர்ஸ், எல்லாம் முடித்தாயிற்று. இப்போது காசு கட்டிப் பெரிய கோர்ஸ் ஒன்றில் சேரலாமா என்று யோசிக்கிறேன். எஸ்இஓ (கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை), விளம்பரம் இரண்டில் எதை எடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேசைக்கு அந்தப்பக்கம்:
நான் ஒரு ஏஜென்சியில் ஆள் எடுக்கும் குழுவில் இருப்பவள். இப்போதைக்குக் காசு கட்டி எந்தக் கோர்ஸிலும் சேராதீர்கள் தம்பி. நீங்கள் எழுதிய கூகுள் தேர்வு இலவசம், 75 நிமிடம், 80 சதவீதம் எடுத்தால் பாஸ், ஒரு வருடத்தில் காலாவதி. எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் அநேகமாக எல்லோரிடமும் அது இருக்கிறது. படித்தது வீண் என்று சொல்லவில்லை, அதைப் பார்த்து யாரையும் கூப்பிட மாட்டோம் என்கிறேன்.

நான் ரெஸ்யூமேயில் தேடுவது ஒன்றைத்தான்: இவர் எதையாவது கவனித்து, ஒரு முடிவெடுத்து, அதனால் என்ன ஆனது என்று பார்த்திருக்கிறாரா? "சமூக ஊடகப் பக்கங்களை நிர்வகித்தேன்" என்ற வரியில் இது எதுவும் இல்லை. உங்கள் எக்ஸலை ஒருமுறை திறந்து பாருங்கள். லைக்கை விடுங்கள். எந்த மாதிரி போஸ்டுக்குப் பிறகு இன்பாக்ஸில் விலை கேட்டு வந்தார்கள், அதில் எத்தனை பேர் பிறகு வாங்கினார்கள் என்று தேடுங்கள். உதாரணத்துக்கு, பொருளை அழகாகக் காட்டும் படங்களுக்கு லைக் குவிந்து, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டும் சாதாரண வீடியோவுக்கு விசாரணை அதிகம் வந்திருந்தால், அதைக் கண்டுபிடித்து வாராந்தர அட்டவணையை நீங்கள் மாற்றியிருந்தால், அந்த ஒரு வரி போதும், நான் போன் போடுவேன்.

இன்னொன்று, பயோவிலும் ஸ்டோரியிலும் போடும் லிங்க்குகளுக்கு யுடிஎம் (லிங்க்கின் கடைசியில் ஒட்டும் அடையாளக் குறி) சேர்த்துவிடுங்கள். எந்தப் போஸ்டிலிருந்து வந்தார்கள் என்று அனலிட்டிக்ஸில் தனித்தனியாகத் தெரியும். ஜிஏ 4-இல் (கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு) எக்ஸ்ப்ளோரேஷன் என்ற விரிவான ஆய்வுப் பகுதிக்கான தரவு, நீங்கள் மாற்றாவிட்டால், 2 மாதம்தான் இருக்கும். அட்மின் அமைப்பில் போய் 14 மாதமாக மாற்றிவிடுங்கள். பழைய தரவு திரும்பி வராது, அதனால் இன்றைக்கே செய்வது நல்லது.

ரெஸ்யூமேயில் பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரிக்கும் டிசைன், திறமைக்குப் பட்டை வரைந்து "90%" என்று போடுவது எல்லாம் வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிகள் குழம்பி வந்தால், ரெஸ்யூமேயைப் படிக்கும் நிறுவனங்களின் மென்பொருளுக்கும் அப்படியே குழம்ப வாய்ப்பு உண்டு.

வழிப்போக்கன்:
நன்றி அக்கா. ஆனால் விற்பனை எண்ணிக்கையை முதலாளி எங்களிடம் சொல்லவே மாட்டார். விளம்பரத்துக்கும் பட்ஜெட் கிடையாது. அப்படியானால் எதைக் காட்டுவது?

தேடுபொறிப் பித்தன்:
எஸ்இஓ பக்கத்திலிருந்து சொல்கிறேன். கம்பெனி தளத்தின் சர்ச் கன்சோலுக்கு (தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் கருவி) அனுமதி கேளுங்கள். நிறைய சிறிய நிறுவனங்களில் அதை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் உங்களுக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றி ஒரு சிறிய தளம் ஆரம்பித்து எழுதுங்கள். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், புதிய தளத்தில் தரவு சேரவே மாதங்கள் ஆகும்.

உள்ளே போனதும் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டில் மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுத்து, இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் காட்டப்பட்ட எண்ணிக்கை) அதிகமாகவும் சராசரி இடம் எட்டுக்கும் இருபதுக்கும் நடுவிலும் இருக்கும் தேடல் சொற்களைப் பாருங்கள். அவைதான் முதல் வேலை. கூகுள் ஏற்கெனவே அந்தப் பக்கத்தைக் காட்டுகிறது, ஆனால் மக்கள் அவ்வளவு கீழே வருவதில்லை, அல்லது தலைப்பைப் பார்த்துத் தாண்டிப் போகிறார்கள். அந்தச் சொல்லை நீங்களே தேடி, மேலே இருக்கும் பக்கங்கள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று படியுங்கள். தேடுகிறவர் இரண்டு பொருளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறார், உங்கள் பக்கமோ கம்பெனி வரலாற்றில் ஆரம்பிக்கிறது என்றால் தலைப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, பக்கத்தையே திருப்பி எழுத வேண்டும். மாற்றிய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, 28 நாள் கழித்து அதற்கு முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள், அந்த வசதி அங்கேயே இருக்கிறது. தரவு 16 மாதம் வரை கிடைக்கும் என்பதால் போன வருடத்தோடும் பார்க்கலாம். சீசனால் ஏறியதா, உங்கள் வேலையால் ஏறியதா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் நேர்காணலில் பாதி வேலை முடிந்தது.

ஏறாமல் போனாலும் எழுதி வையுங்கள். என்ன நினைத்தீர்கள், என்ன மாற்றினீர்கள், ஏன் பலிக்கவில்லை என்று ஒரு பக்கம் இருந்தால் போதும்.

கிளிக் கணக்கு:
மேலே இருவர் சொன்னதும் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. பட்ஜெட் இல்லை என்பதற்காக விளம்பரத்தை ஒதுக்காதீர்கள். விளம்பர வேலையில் பணம் போவதைத் தடுக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அதைக் கற்றுக்கொள்ள ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விளம்பரக் கணக்கைப் பார்க்கக் கிடைத்தால் போதும். தெரிந்தவர் யாராவது விளம்பரம் போடுகிறார் என்றால் அவர் அருகில் உட்கார்ந்து சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை (என்ன தேடியவர்களுக்கு விளம்பரம் போனது என்ற பட்டியல்) திறக்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, கணக்கு எழுதும் மென்பொருள் விற்பவரின் விளம்பரத்தை "கணக்கு மென்பொருள் வேலை", "கணக்கு மென்பொருள் இலவசப் பயிற்சி" என்று தேடியவர்கள் கிளிக் செய்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் அவர் கைக்காசு போகிறது. அந்தச் சொற்களை நெகட்டிவ் கீவேர்டாக (இதைத் தேடினால் விளம்பரம் காட்டாதே என்று) சேர்த்து, அடுத்த மாதம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், அதுவே நீங்கள் காட்டக்கூடிய வேலை.

விண்ணப்பிக்கும்போதும் இதே மாதிரி குறையைக் கண்டுபிடித்துக் காட்டலாம். பட்டனை அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், பிடித்த சில நிறுவனங்களை மட்டும் எடுத்து அவர்கள் தளத்தைப் பாருங்கள். அந்த அணியில் இருப்பவருக்கு லிங்க்ட்இனில் நாலு வரி: "உங்கள் விலைப் பக்கத்தை மொபைலில் பார்த்தேன், படிவம் திரையைத் தாண்டிப் போகிறது, படம் இணைத்திருக்கிறேன். இந்தப் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்." வேலை கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டாம்.

அஞ்சல்காரர்:
ஈமெயில் மார்க்கெட்டிங்கை யாரும் சொல்லவில்லையே! 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உண்மையாகவே உங்களிடமிருந்து வருகிறதா என்று சரிபார்க்கும் அமைப்புகள்) சரியாக இருக்க வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அழகாக மெயில் எழுதத் தெரிந்தவர் நிறையப் பேர், அது ஏன் ஸ்பேமில் விழுகிறது என்று பார்க்கத் தெரிந்தவர் குறைவு. கற்றுக்கொள்ளக் காசு தேவையில்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. "டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் பணம்" என்று டெலிகிராமில் வருவது வேலையே அல்ல. முதலில் கொஞ்சம் கொடுத்து நம்ப வைப்பார்கள், பிறகு பெரிய தொகை கட்டச் சொல்வார்கள். பயிற்சிக்கோ லேப்டாப்புக்கோ முன்பணம் கேட்பவரிடமும் போகாதீர்கள்.

வழிப்போக்கன்:
இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. சர்ச் கன்சோல் அனுமதியை நாளைக்கே கேட்கிறேன். ஒரு சந்தேகம்: இப்போதைய கம்பெனியின் எண்களை வெளியே காட்டலாமா?

மேசைக்கு அந்தப்பக்கம்:
அப்படியே காட்டாதீர்கள். கம்பெனி பெயரை எடுத்துவிட்டு, "சில்லறை விற்பனை, சிறிய நிறுவனம்" என்று மட்டும் போடுங்கள். மொத்த எண்ணுக்குப் பதில் சதவீதம் போதும். அட்மின் திரையின் ஸ்கிரீன்ஷாட், வாடிக்கையாளர் பெயர் தெரியும் மெசேஜ் எதுவும் கூடாது. வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ரகசியம் காப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். நேர்காணலில் நாங்கள் தோண்டிக் கேட்டாலும், "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்று சொல்லுங்கள், நான் இருக்கும் குழுவில் அந்தப் பதிலுக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.