அலைகரையில் மஞ்சள் பூ: ஊன் உண்ணும் செடியா?

ஒட்டுசுட்டான் வயல்:
வணக்கம். எங்கள் வயலுக்கு மேலே, குளத்து அலைகரையில் மணல் ஊறிக் கிடக்கிற இடமெல்லாம் மாரி தொடங்கியதிலிருந்து ஊசிக் காம்பில் குட்டி மஞ்சள் பூ. ஒரு சாண் உயரம்கூட வராது, இலை என்று கண்ணில் எதுவும் படவில்லை. போன கிழமை ஒரு கொத்தை மண்ணோடு கிளப்பிச் சட்டியில் வைத்து, நன்றாக வரட்டும் என்று மாட்டெருவும் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டேன், ஐந்தாம் நாள் கருகிவிட்டது. ஊன் உண்ணும் செடி என்கிறாள் மகள். பொறி எங்கே? நெல்லுக்குக் கெடுதலா?

மாரிக்காலம்:
அண்ணை, மகள் சொன்னது சரி. நீங்கள் போட்ட படத்தில் காய்க் காம்பு கீழே வளைந்து, பூவின் அடியிலுள்ள புல்லி இதழ் இரண்டும் பெருத்துக் காயை மூடியிருக்கிறது பாருங்கள், இது யூட்ரிகுலேரியா பைபிடா. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர். வேரே கிடையாது, வேர் மாதிரித் தெரிகிற வெள்ளை நூலில்தான் பொறிப் பைகள், ஒரு மில்லிமீற்றர்கூட வராதவை, மண்ணுக்குள் இருக்கும். பை தன்னுள் இருக்கும் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு ஒட்டின வயிறோடு காத்திருக்கும், வாயருகே ஒரு நுண்ணுயிர் முட்டினால் போதும், கதவு திறந்து தண்ணீரோடு உள்ளே இழுத்துவிடும்.

குளக்கட்டு:
எருதான் கொன்றது. சத்தில்லாத மண்ணில் பிழைக்கத்தானே அது உயிர் பிடிக்கிறது! எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலிலேயே வெள்ளையாகப் படியும், அதுவும் ஆகாது, மழைத்தண்ணீர்தான் வேண்டும். நெல்லின் வேரை அது தொடாது, தயவுசெய்து களைகொல்லி அடிக்காதீர்கள். ஒரேயொரு நூலை மழைத்தண்ணீரில் மெல்ல அலசி, வெள்ளைக் கோப்பையில் விட்டு, பத்து மடங்கு வில்லையால் மகளுக்குக் காட்டுங்கள். கண்ணாடி மணி கோத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் சிவப்பாக, பிசின் துளியோடு காசளவில் தரையில் ஒட்டிக் கிடந்தால் அது துரோசெரா, அதுவும் பூச்சி பிடிக்கும்.

ஒட்டுசுட்டான் வயல்:
நன்றி தம்பி. அங்கே மாடு மேய்கிறது, மறிக்கவா?

மாரிக்காலம்:
வேண்டாம் அண்ணை, பெரிய புல் எழும்பினால் இதற்கு வெயில் கிடைக்காது, மேயட்டும். பட்டி மட்டும் அங்கே அடைக்காதீர்கள், எரு சேர்ந்துவிடும். தரை காய்ந்ததும் செடி செத்துவிடும், அதற்கு முன் காய் முற்றி விதை விழ வேண்டும். அடுத்த மாரிக்கு அந்த விதைதான்.

ஒட்டுசுட்டான் வயல்:
சரி. பட்டியை மேட்டுக்கு மாற்றுகிறேன். கூரைப் பீலியில் வழிந்த மழைத்தண்ணீர் ஒரு போத்தல் பிடித்து வைத்தாயிற்று, நாளைக் காலை மகளோடு போகிறேன்.