செம்மண் தோட்டத்துக்குச் சுவர் கட்டின மேட்டுப்பாத்தி வேணுமா? செலவுக்குத் தகுமா?

வள்ளியூர்க்காரன்:
வள்ளியூர் பக்கம் வீட்டுக்குப் பின்னால 3 சென்ட் காலி இடம். செம்மண், ரெண்டடிக்குக் கீழ சரளை. போர் தண்ணி கொஞ்சம் உப்பு. கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை, பொங்கலுக்குக் கொஞ்சம் சிறுகிழங்கு போடணும். 10 அடிக்கு 4 அடி, ஒன்றரை அடி உயரம், சிமெண்ட் பிளாக் கட்டி, உள்ள தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பித் தர பாத்திக்கு 9,000 ரூபாய் கேக்காங்க. ஆறு பாத்திக்கு 54,000. அந்தப் பணத்துக்கு விளையுமா? தரையிலயே போட்டா என்ன குறைஞ்சிரும்?

கரம்பை:
அண்ணாச்சி, முதல்ல ஒரு குழி எடுங்க. நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஓரடி. தண்ணி நிரப்பி முழுசா வடிய விடுங்க. மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, ஒரு மணி நேரத்துல எத்தனை அங்குலம் இறங்குதுன்னு அளந்து பாருங்க. ஒரு அங்குலம்கூட இறங்கலைன்னா வேர் அழுகும், மேடு வேணும். ஒண்ணுல இருந்து மூணுன்னா தரையே போதும். நாலைத் தாண்டினா மேடு போட்டு நீங்களே தண்ணியை விரட்டுற மாதிரி.

மேட்டுப்பாத்தியோட முக்கிய வேலை வடிகால். நமக்கு அது தேவைப்படுறது ஐப்பசி, கார்த்திகை. மத்த மாசமெல்லாம் ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறதுதான் பாடு. வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் பணகுடி காத்தாலையைச் சுத்துற மேல்காத்து (மேற்குக் காத்து) உங்க பாத்தியோட நாலு சுவரையும் சேர்த்துக் காய வைக்கும். தரைப்பாத்திக்கு மேல்பரப்பு மட்டும்தான் காயும்.

இப்படிச் செய்யுங்க. 10 அடிக்கு 4 அடி, ஓரடி ஆழம் தோண்டி மண்ணை ஓரமாக் குவிங்க. அடிமண்ணைக் கடப்பாரையால அரையடி இளக்குங்க. எடுத்த மண்ணுல அஞ்சுல ஒரு பங்கு குளத்துக் கரம்பை (குளத்தடி வண்டல்; அள்ள அனுமதி வாங்கிருங்க), நல்லா மக்கின தொழு உரம் 40 கிலோ கலந்து, தரை மட்டத்துக்கு 4 அங்குலம் கீழ நிக்கிற மாதிரி திரும்ப நிரப்புங்க. மேல வாழைச்சருகு மூணு அங்குலம். மிஞ்சின மண் நடைபாதையில கிடக்கட்டும். புரட்டாசி கடைசியில அதையே வெட்டி மேல போட்டு அரையடி உசத்திருங்க. சித்திரையில பள்ளம், ஐப்பசியில மேடு, ரெண்டும் ஒரே பாத்தி. மேற்கு ஓரத்துல அகத்தி நெருக்கமா ஒரு வரிசை விதைச்சா காத்தும் மட்டுப்படும்.

சேரன்மகாதேவி வயக்காடு:
செம்மண்ணுக்கு மேல சொன்னது சரி. வயலைத் தட்டி வீடு கட்டின இடம், கரிசல் இதுக்கெல்லாம் பள்ளம் எடுத்துராதீங்க. களிமண்ல ரெண்டு நாள் தண்ணி நின்னா தக்காளியும் மிளகாயும் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே வாடும். இலை தொங்குறதைப் பார்த்துட்டு இன்னும் தண்ணி ஊத்துறவங்கதான் அதிகம். வேருக்குக் காத்து இல்லாமத்தான் அது வாடுது. அங்க 8, 10 அங்குல மேடு கட்டாயம். ஆனா அதுக்கும் சுவர் வேண்டாம். அடி 4 அடி, தலைப்பு 3 அடின்னு சரிவா அணைச்சு, ஒன்றரை அடி நடைபாதையை வடிகாலா விட்டு, 10 அடிக்கு ஒரு அங்குலம் சரிவு கொடுத்தாப் போதும். 2023 டிசம்பர்ல கொட்டின மாதிரி மழைக்கு எந்தப் பாத்தியும் தாங்காது, அதை நினைச்சுச் சுவர் எழுப்பாதீங்க.

சிறுகிழங்குக்கு மட்டும் செம்மண்லயும் பார் (மண் வரப்பு) அணைக்கணும், கிழங்கு இறங்க மண் இளக்கமா இருக்கணும். பனங்கிழங்குக்குப் பனங்கொட்டையை நாம மண்ணைக் குவிச்சுத்தானே அடுக்குறோம், அதுக்கு யாரு கல்லு வைக்கிறா?

வள்ளியூர்க்காரன்:
குழி பார்த்தேன். ஒரு மணி நேரத்துல 6 அங்குலம் இறங்கிருச்சு. தரையிலயே போட்டுக்கிடுதேன். ஆனா அம்மாவுக்கு முட்டுவலி, குனிய முடியாது. கீரைக்கு மட்டும் ஒண்ணு கட்டலாமா?

கொத்துவேலை:
கட்டாயம் கட்டுங்க, இது நல்ல செலவு. ஆனா ஒன்றரை அடி பத்தாது, 2 அடி வேணும். 8 அங்குல உயர பிளாக் மூணு வரிசை. 6 அங்குல கன பிளாக் எடுங்க. 4 அங்குலம் வச்சா ஈரமண் தள்ளி நீளப்பக்கம் வயிறு தள்ளிரும். 10 அடிக்கு 4 அடி கட்ட வரிசைக்கு 20, மொத்தம் 60, உடைசலுக்கு 4. ஒரு கணக்கைக் கவனிங்க: வெளியளவு 40 சதுர அடி, 6 அங்குலச் சுவர் போக உள்ள 9 அடிக்கு 3 அடி, 27 சதுர அடிதான். மூணுல ஒரு பங்கு இடம் சுவருக்கே போயிரும்.

அடியில தளம் போடாதீங்க. முதல் வரிசையில மூணு பிளாக்குக்கு ஒரு செங்குத்து இடுக்கைக் கலவை இல்லாம விடுங்க, அதுதான் வடிகால்.

கீழ ஓரடிக்கு உங்க செம்மண்ணே போதும். மேல ஓரடிக்குச் செம்மண் நாலு சட்டி, தொழு உரம் ரெண்டு, நார்க்கழிவு ஒண்ணு. வெறும் நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பினா மக்கி மக்கி இறங்கிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் காய்ஞ்சாச் சுவரை விட்டு விரல் நுழையிற அளவுக்கு விலகி நிக்கும். அப்புறம் ஊத்துற தண்ணி பூரா அந்த இடுக்கு வழியா இறங்கி வெளிய வரும், நடுவுல கீரை காஞ்சு கிடக்கும். நார்க்கழிவை மூணு தண்ணி மாத்தி அலசிட்டுப் போடுங்க, அதுலயும் உப்பு உண்டு.

16 மி.மீ. சொட்டுநீர்க் குழாய் ரெண்டு வரி, அடிக்கு ஒரு துளை, மணிக்கு 2 லிட்டர். மொத்தம் 18 துளை, அரைமணிக்கு 18 லிட்டர். கோடையில அதைக் காலையில 20 நிமிஷம், சாயங்காலம் 10 நிமிஷம்னு பிரிச்சு விடுங்க. உங்க தண்ணிக்கு ரெண்டு மாசத்துல சுவரோரம் உப்பு வெள்ளையாப் பொரிக்கும். பொரிச்சதைச் சுரண்டி வெளிய போட்டுட்டு, மாசம் ஒருக்கா அடி இடுக்குல தண்ணி வடியிற வரைக்கும் ஊத்துங்க. மழைத்தண்ணி கிடைச்சா அதையே ஊத்துங்க.

முருங்கை, தென்னை பக்கத்துல இருந்தா 10 அடியாவது தள்ளிக் கட்டுங்க. ஈரம் எங்க இருக்கோ அங்க வேர் வந்துரும், அடி திறந்த பாத்தின்னா கீழ இருந்தே ஏறிரும்.